அடிக்குறிப்பைத் தொடும் ஏஐ முகவருக்குக் கையேடு: மட்டக்களப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நெடுங்காலமாகச் சேகரித்துவரும் தொகுப்பு ஒன்று இருக்கிறது. வயல் வேலைச் சொற்கள், நெல் சூடடிக்கும் களமான களவெட்டியில் புழங்கும் பேச்சு, வடமோடி தென்மோடிக் கூத்துப் பாடல்கள், வைகாசியில் நடக்கும் கண்ணகி அம்மன் சடங்கு வழக்கங்கள் எல்லாம் அதில் உண்டு. எல்லாமே ஒரே வேர்ட் கோப்பு. கோப்பின் உயிர் அடிக்குறிப்புகளில்தான் இருக்கிறது. மேலே ஒரு சொல்லோ பாட்டின் அடியோ இருக்கும். அதைச் சொன்னவர் யார், எந்த ஊர், கொக்கட்டிச்சோலைப் பக்கம் அது எப்படி ஒலிக்கிறது, கூத்துப் பழக்கும் வேறொரு அண்ணாவியாரின் கொப்பியில் அந்த அடி எப்படி வருகிறது என்பதெல்லாம் கீழே இருக்கும். நூற்றுக்கணக்கான குறிப்புகள்.

இவற்றைச் சீர்செய்ய ஏஐ முகவரை, அதாவது சொன்ன வேலையைக் கருவிகளை அழைத்துத் தானே செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரலை, பயன்படுத்தலாமா என்று ஆசிரியர் கேட்டார். ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒரேமாதிரி ஆக்குவது, ஒரே தகவல் இரண்டு குறிப்புகளில் வந்த இடங்களைக் கண்டுபிடிப்பது, விடுபட்ட ஊர்ப்பெயரைச் சேர்ப்பது போன்ற வேலைகள். இதற்கு ஏற்ற கருவி ஒன்றை எங்கள் வட்டத்தில் உள்ள நிரலாளர் ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். கருவி ஓடியது, ஆனால் அதற்கு ஒழுங்கான கையேடு கிடையாது. அதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தக் கையேடு எப்படி உருவானது, எந்த வரி எதனால் அதில் ஏறியது என்பதே இந்த ஆய்வு.

நான் சொல்ல வந்த விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர் பாவிக்கும் மென்பொருளுக்குக் கையேடு ஒரு துணை. அதை வாசிக்காதவர்களும் பொத்தான்களைப் பார்த்துப் பார்த்து வேலையைப் பழகிக்கொள்வார்கள். முகவருக்குத் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. கருவியைப் பற்றி எழுதியிருக்கும் வரிகள் மட்டுமே அதற்குத் தெரியும். அந்த வரிகளில் ஒன்றை மாற்றினால், நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமலே கருவியின் நடத்தை மாறிவிடும். ஆகவே இந்தக் கையேட்டை எழுதும்போது நான் செய்ததும் ஒருவகையில் நிரல் வேலைதான். அதை அந்தக் கவனத்தோடுதான் செய்ய வேண்டியிருந்தது.

கருவியும் கோப்பும்

கருவி எம்சிபி (Model Context Protocol) என்ற நெறிமுறையில் இயங்குகிறது; ஏஐ மொடல்களை வெளிக் கருவிகளோடு இணைப்பதற்கானது அது. அன்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை. ஒரு சிறிய சேர்வர் நிரல் நம்முடைய கணினியிலேயே ஓடும். தன்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று அது முகவருக்கு அறிவிக்கும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விவரணம், என்ன உள்ளீடு வேண்டும் என்பதைச் சொல்லும் ஜேசன் என்ற தரவு வடிவிலான அமைப்பு. முகவரை இயக்கும் மொழி மொடல் இவற்றை வாசித்து, எதை எப்போது அழைப்பது என்று தானே தீர்மானிக்கும். எங்கள் சேர்வரில் பட்டியலிடுதல், வாசித்தல், சேர்த்தல், மாற்றுதல், நீக்குதல் என்று ஐந்து கருவிகள்.

வேர்ட் கோப்பு உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மற்றவை விளங்காது. இன்றைய வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. அதன் வடிவம் 2006இல் எக்மா 376 என்ற தரமாகவும் 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்ற தரமாகவும் ஏற்கப்பட்டது. பொதிக்குள் உடற்பகுதி எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதிய ஒரு கோப்பிலும், அடிக்குறிப்புகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு எக்ஸ்எம்எல் கோப்பிலும் இருக்கும். உடற்பகுதியில், குறிப்பு வர வேண்டிய இடத்தில், ஒரு சுட்டி மட்டும் இருக்கும். சுட்டியில் ஒரு அடையாள எண். அதே அடையாள எண்ணோடு மற்றக் கோப்பில் குறிப்பின் வாசகம். ஒரு அடிக்குறிப்பு என்று நாம் பக்கத்தில் பார்ப்பது, கோப்புக்குள் இப்படி இரண்டு துண்டுகள்.

பக்கத்தில் தெரிகிற 1, 2, 3 என்ற எண்கள் கோப்பில் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. சுட்டிகள் வரும் வரிசையைப் பார்த்து, திறக்கும் மென்பொருள் அவ்வப்போது எண்ணிக் காட்டும். நாங்கள் சந்தித்த முதல் சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது.

பக்கத்துக் குறிப்பு

வேலையெல்லாம் கோப்பின் பிரதியில்தான் நடந்தது. ஆசிரியர் முகவரிடம் 17ஆம் குறிப்பில் ஊர்ப்பெயரைத் திருத்தச் சொன்னார். முகவர் மாற்றும் கருவிக்கு 17 என்று கொடுத்தது. கருவி அதை அடையாள எண்ணாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் 16 என்று தெரிகிற குறிப்பைத் திருத்திவிட்டு, வெற்றி என்று பதில் சொன்னது.

இதற்குக் காரணம் கோப்பின் வரலாறு. அடிக்குறிப்புக் கோப்பில் முதலில் இரண்டு விசேடக் குறிப்புகள் இருக்கும். உடற்பகுதிக்கும் அடிக்குறிப்புக்கும் நடுவே வருகிற கோட்டைக் குறிப்பவை அவை. இன்றைய வேர்ட் அவற்றுக்குப் பெரும்பாலும் -1, 0 என்ற எண்களைக் கொடுக்கும். அதனால் உண்மையான குறிப்புகள் 1இல் தொடங்கும். பக்கத்தில் தெரிகிற எண்ணும் அடையாள எண்ணும் அப்போது ஒன்றாகவே இருப்பதுபோலத் தெரியும். லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் சேமித்தால் கோட்டுக் குறிப்புகள் 0, 1 ஆகி, உண்மையான குறிப்புகள் 2இல் தொடங்கும். ஆசிரியரின் பேரன் தன் கணினியில் கோப்பைத் திறந்து பிழை திருத்திச் சேமித்த பொழுதிலிருந்து ஒன்று தள்ளிப்போயிருந்தது. வேர்டில் சேமித்த கோப்பை வைத்து மட்டும் சோதித்திருந்தால் இந்த வழு வெளியே வந்திருக்காது.

ஒன்று மட்டும் தள்ளிப்போவது நூறு தள்ளிப்போவதைவிட மோசமானது. அடுத்தடுத்த குறிப்புகள் ஒரே தலைப்பைப் பற்றியவை. பல இடங்களில் சொன்னவரும் ஒருவரே. ஊர்ப்பெயர் மாறியிருந்தாலும் வாசிப்பவர் கண்ணுக்கு அது உறுத்தாது. இப்படியான தொகுப்பில் சொன்னவரின் ஊர் மாறினால், அந்தச் சொல்லுக்கான சாட்சியமே மாறிவிடுகிறது. நாளைக்கு யாராவது படுவான்கரைக்கும் வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைக்கும் உள்ள பேச்சு வேறுபாட்டை இந்தத் தொகுப்பை வைத்து ஆராய்ந்தால், பிழை அவருடைய முடிவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கருவியோடு வந்த விவரணம் இப்படி இருந்தது: குறிப்பின் எண்ணையும் புதிய வாசகத்தையும் கொடுத்தால் குறிப்பு மாற்றப்படும். எந்த எண் என்று அதில் இல்லை. முகவர் செய்தது அந்த வரிக்கு முற்றிலும் பொருந்துகிற செயல்.

புதிய விவரணத்தில் மூன்று விசயங்கள் ஏறின. பயனர் ஒரு எண்ணைச் சொன்னால் அது பக்கத்தில் தெரிகிற எண், அதை இந்தக் கருவிக்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது. முதலில் பட்டியலிடும் கருவியை அழைக்க வேண்டும், அது பக்கத்து எண், அடையாள எண், குறிப்பின் தொடக்க வாசகம் மூன்றையும் தரும். மாற்றும்போது, மாற்றப்போகிற குறிப்பின் தற்போதைய தொடக்கச் சொற்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு நிரலாளரும் கைகொடுத்தார். அந்தச் சொற்கள் பொருந்தாவிட்டால் கருவி எதையும் மாற்றாமல் மறுத்துவிடும். இந்தக் காப்பை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். முகவர் தான் தொடப்போவது எது என்று தெரிந்துதான் தொடுகிறது என்பதை நிரூபிக்க வேண்டிய இடம் அது.

பக்கத்து எண்ணை எண்ணிச் சொல்வதும் லேசான வேலை இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் அல்லது ஒவ்வொரு பக்கத்திலும் எண் 1இலிருந்து தொடங்குமாறு அமைத்திருக்கலாம். எண்ணுக்குப் பதிலாக உடுக்குறி (*) போட்ட குறிப்புகளும் இருக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் புதிதாகத் தொடங்கும் கோப்பில், பக்கம் எங்கே உடைகிறது என்று கருவிக்குத் தெரியாது. அப்படிப்பட்ட கோப்பில் பக்கத்து எண்ணைத் தர முடியாது என்று கையேட்டில் நேராக எழுதினேன்.

தேடினால் கிடைக்காத சொல்

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். ‘கொம்பு’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு குறிப்பைச் சேர்க்கச் சொன்னபோது, அந்தச் சொல் கோப்பில் இல்லை என்று கருவி சொன்னது. கண்ணுக்கு முன்னால் சொல் இருக்கிறது.

எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டுத் தரமான யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றையே இடலாம். அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துத் தொடர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பகுதிகளிலும், சில விசைப்பலகைகளில் தட்டிய பகுதிகளிலும் இரண்டாவது வடிவம் கலந்திருந்தது. இரண்டும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் இரண்டும் முதல் வடிவத்துக்கு வந்துவிடும். தேடும் இடத்தில் அதைச் செய்ததும் பிரச்சினை தீர்ந்தது. இதோடு, வேர்ட் ஒரே சொல்லைத் திருத்தங்களின்போது பல துண்டுகளாக உடைத்து வைப்பதும் உண்டு. துண்டுகளை ஒட்டித் தேட வேண்டும் என்பது நிரலாளருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

எனக்கு முக்கியமாகப் பட்டது, சொல் கிடைக்காதபோது முகவர் என்ன செய்தது என்பதுதான். கருவி திருப்பி அனுப்பிய செய்தி இரண்டே சொல்: வாசகம் கிடைக்கவில்லை. முகவர் இன்னொரு கருவியால் உடற்பகுதியில் இருந்த அந்தச் சொல்லையே புதிதாக எழுதி, மறுபடி தேடிக் கண்டுபிடித்து, குறிப்பைச் சேர்த்தது. வேலை முடிந்தது என்றும் அறிவித்தது. பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் யாரும் தொடச் சொல்லாத மூலப் பாட்டில் கை வைத்தாகிவிட்டது. வேறொரு முறை, சொல் கிடைக்காததால் பந்தியின் முடிவில் குறிப்பைப் போட்டுவிட்டது. கூத்துப் பாட்டில் ஒரு அடிக்கு உரிய குறிப்பு பாட்டின் கடைசியில் போய் நின்றால், அது எந்த அடிக்கு உரியது என்று எப்படித் தெரியும்?

இதைப் பார்த்தபின் பிழைச் செய்திகளைக் கையேட்டின் பகுதியாகவே எடுத்துக்கொண்டேன். எம்சிபியில் கருவி செய்ய முடியாமற்போன வேலையின் பிழையைப் பதிலுக்குள்ளேயே, பிழை என்ற அடையாளத்தோடு அனுப்பலாம். மொடல் அதை வாசித்துத் தன்னைத் திருத்திக்கொள்வதற்கான ஏற்பாடு அது. விவரணத்தை முகவர் தொடக்கத்தில் வாசிக்கிறது. பிழைச் செய்தியைச் சரியாகத் தடுமாறும் நேரத்தில் வாசிக்கிறது. எந்த அறிவுரையும் அந்த நேரத்தில் கிடைத்தால்தான் பலிக்கும். எனவே செய்தியை இப்படி மாற்றி எழுதினோம்: இந்தப் பந்தியில் இந்தச் சொல் கிடைக்கவில்லை, நெருக்கமாக இருக்கும் சொற்கள் இவை, உடற்பகுதியை மாற்றிப் பொருத்த வேண்டாம், பந்தியின் முடிவில் சேர்க்க வேண்டாம், பயனரிடம் இடத்தைக் கேட்கவும். அதன்பிறகு முகவர் கேட்கத் தொடங்கியது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் நிறைவு தந்த மாற்றம் இதுதான்.

‘நீக்கு’ என்று சொன்னால் எவ்வளவு நீங்கும்

கையேட்டில் அதிக இடம் பிடித்தது நீக்கும் கருவி. அதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல.

குறிப்பு இரண்டு துண்டு என்று முன்பே சொன்னேன். வாசகத்தை மட்டும் அழித்துவிட்டுச் சுட்டியை விட்டால் சுட்டி அந்தரத்தில் நிற்கும். கோப்பைத் திறக்கும்போது வேர்ட் முறையிடக்கூடும். சுட்டியை மட்டும் அழித்துவிட்டு வாசகத்தை விட்டால் யாரும் முறையிட மாட்டார்கள். பக்கத்தில் குறிப்பு இல்லை, எண்கள் தாமாகவே நகர்ந்துவிடும், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் பொதியை விரித்துப் பார்த்தால் குறிப்பின் வாசகம் முழுதாக உள்ளே கிடக்கும்.

இந்தத் தொகுப்பில் சில குடும்பங்கள், தங்கள் வீட்டுப் பெரியவரின் பெயரைப் போட வேண்டாம் என்று பின்னர் கேட்டுக்கொண்டன. போர்க்காலத்தைக் கடந்து வந்த ஊர்கள் இவை. ஒரு ஆளின் பெயரும் ஊரும் தொழிலும் சேர்ந்து ஒரு தாளில் இருப்பதைப் பற்றி ஆட்களுக்குத் தயக்கம் இருப்பதில் நியாயம் உண்டு. அந்தப் பெயரை நீக்கிவிட்டோம் என்று ஆசிரியர் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார். கோப்பு பென்ட்ரைவில் ஒரு அச்சகத்துக்குப் போகிறது, மின்னஞ்சலில் இன்னும் இருவருக்குப் போகிறது. பெயர் உள்ளேயே இருந்தால் ஆசிரியர் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும், அது அவருக்கே தெரியாமல்.

மாற்றங்களைத் தடம்பிடிக்கும் வசதியைப் போட்டிருந்தால் இன்னும் ஒரு அடுக்கு சேரும். அப்போது நீக்கியது உண்மையில் நீங்காது. யார், எப்போது நீக்கினார் என்ற தகவலோடு, நீக்கப்பட்டது என்ற அடையாளத்துக்குள் அப்படியே இருக்கும். மாற்றத்தை ஏற்றால்தான் போகும். ஆசிரியர் தடம்பிடிப்பதை எப்போதும் போட்டே வைத்திருப்பார், முகவர் செய்கிற ஒவ்வொன்றையும் பார்த்து ஏற்க வேண்டும் என்பதால். அது நல்ல பழக்கம். ஆனால் பெயர் நீக்கும் வேலைக்கு மட்டும் அது எதிராகிறது.

ஆகவே நீக்கும் கருவியின் விவரணத்தில் முதல் வரியே கோப்பில் என்ன மிஞ்சும் என்பதைச் சொல்கிறது. தடம்பிடித்தல் போட்டிருந்தால் வாசகம் கோப்பில் இருக்கும். அப்படி நீக்கியபின் முகவர் பயனரிடம் முடிந்தது என்று மட்டும் சொல்லக் கூடாது, மாற்றத்தை ஏற்கும்வரை வாசகம் உள்ளே இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். மனிதருக்கான கையேட்டில், தனியாள் விவரத்தை நீக்குவதற்கென்று ஒரு தனிப் பகுதி எழுதினேன். முழுதாக நீக்கி, மாற்றங்களை ஏற்று, புதிதாகச் சேமித்து, கடைசியில் பட்டியலிடும் கருவியை ‘சுட்டி இல்லாத குறிப்புகளையும் காட்டு’ என்ற தெரிவோடு ஓட்டிப் பார்ப்பது. அந்தத் தெரிவு முன்பு கருவியில் இல்லை. கையேட்டில் அந்தப் படியை எழுத முடியாமல் நின்றபோது, நிரலாளரிடம் கேட்டுச் சேர்த்தது.

இதே பகுதியில் இன்னொன்றும் எழுத வேண்டியிருந்தது. சேர்வர் நம்முடைய கணினியில் ஓடுகிறது என்பதால் கோப்பில் உள்ளது எதுவும் வெளியே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். முகவர் ஒரு குறிப்பை வாசித்தால் அந்த வாசகம் மொடல் எங்கே ஓடுகிறதோ அங்கே போகும். மொடலும் உங்கள் கணினியிலேயே ஓடினால்தான் அது வீட்டுக்குள் நிற்கும். பெயர்கள் உள்ள குறிப்புகளுக்கு, முகவரிடம் கொடுக்கும் முன்னரே பெயருக்குப் பதில் குறியீடு இட்ட பிரதி ஒன்றைத் தயார்செய்யச் சொல்லிக் கையேடு கேட்கிறது. இதைத் தடித்த எழுத்தில், முதல் பக்கத்திலேயே போட்டோம்.

நீக்கும் கருவிக்கு நெறிமுறையிலும் ஒரு வசதி உண்டு. 2025 மார்ச்சில் வந்த எம்சிபி பதிப்பிலிருந்து, ஒரு கருவி வாசிக்க மட்டும் செய்வதா, அழிக்கக்கூடியதா என்று அடையாளமிடலாம். அந்த அடையாளத்தைப் பார்த்து முகவர் மென்பொருள் பயனரிடம் உறுதி கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அது ஒரு குறிப்புரை மட்டுமே. பட்டியலிடுவதையும் வாசிப்பதையும் வாசிக்க மட்டும் என்றும், நீக்குவதை அழிக்கக்கூடியது என்றும் இட்டோம். மாற்றும் கருவியையும் அழிக்கக்கூடியது என்றே இட்டோம். பழைய வாசகத்தின் மேல் புதியதை எழுதுவதும் அழிப்புத்தான்.

குறிப்புக்குள் இருந்த கட்டளை

கூத்துப் பாடல்களுக்கான குறிப்புகளில் ஆசிரியர் தனக்கென்று எழுதி வைத்தவையும் உண்டு. அவற்றில் ஒன்று ‘இவ்வடியை அடுத்த முறை நீக்குக’ என்று முடிகிறது. எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கச் சொன்ன முகவர், இந்தக் குறிப்பை வாசித்ததும் அந்த அடியை நீக்க முனைந்தது. தடம்பிடித்தல் போட்டிருந்ததால் உடனே தெரிந்தது.

வெளியார் ஒருவர் கெட்ட நோக்கத்தோடு கோப்புக்குள் கட்டளையை மறைத்து வைத்து முகவரை ஏமாற்றுவதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அது உண்மையான ஆபத்து. ஆனால் பதிப்பு வேலையில் கெட்ட நோக்கம் எதுவும் தேவையே இல்லை. அடிக்குறிப்பு என்பதே நீக்குக, சேர்க்க, ஒப்பிடுக, மேலே பார்க்க என்று ஏவல் நிறைந்த இடம். வாசிக்கும் கருவியின் விவரணத்திலும் அது தருகிற ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும், கீழே வருவது கோப்பின் உள்ளடக்கம், பயனரின் வேண்டுகோள் அன்று என்ற வரியைச் சேர்த்தோம். குறிப்பு எதையாவது செய்யச் சொன்னால் செய்யாமல் பயனரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்த்தோம். இதற்கு முழுப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க மாட்டேன். பிரதியில் வேலை செய்வதும், தடம்பிடிப்பதும், ஆசிரியர் கண்ணால் பார்த்து ஏற்பதும் இல்லாமல் அந்த வரி மட்டும் போதாது.

பாமினிப் பகுதிகள்

இலங்கையில் தமிழ்க் கோப்புகளோடு வேலை செய்கிற எவரும் இதை எதிர்பார்ப்பார்கள். தொகுப்பின் பழைய பகுதிகள் பாமினி எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துருவில் திரையில் தமிழ் தெரிந்தாலும், கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும்தான். முகவர் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, எழுத்துகளை மட்டுமே பார்க்கிறது. அதற்கு அது குப்பை. சில தடவை குப்பை என்று சொல்லி நின்றது, சில தடவை தானே ஊகித்து ‘திருத்தியது’. இரண்டாவதுதான் பயங்கரம். சரளமான தமிழில், ஆசிரியர் எழுதாத ஒரு குறிப்பு அங்கே வந்து நின்றது.

இப்போது பட்டியலிடும் கருவி, ஒவ்வொரு குறிப்பிலும் பழைய எழுத்துரு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது. இருந்தால் மாற்றும் கருவி மறுக்கிறது. அந்தப் பகுதிகளை முதலில் ஆட்கள் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றி, பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. ஆசிரியரின் முன்னாள் மாணவர்கள் இருவர் அந்த வேலையில் இருக்கிறார்கள்.

எழுத்துரு விசயத்தில் இன்னொரு சிறு வழு. புதிதாகச் சேர்த்த குறிப்புகளில் தமிழ் எழுத்து மட்டும் பெரிதாக வந்தது. வேர்ட் தமிழைச் சிக்கல் எழுத்துமுறை வகையில் வைத்து, அதற்கென்று எழுத்துருவையும் அளவையும் தனியாக வைத்திருக்கிறது. கருவி ஆங்கிலத்துக்கான அளவை மட்டும் இட்டிருந்தது. ‘புதிய குறிப்பு மற்றக் குறிப்புகளின் தோற்றத்தையே பெறும்’ என்று கையேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, அது உண்மையா என்று பார்க்கப் போனபோதுதான் இது வெளியே வந்தது.

எழுதிய முறை

ஒவ்வொரு விவரணத்தையும் ஒரே ஒழுங்கில் எழுதினேன். முதல் வாக்கியம் என்ன செய்கிறது. அடுத்தது, இதற்கு முன் எதை அழைக்க வேண்டும். பின்னர், எதைச் செய்யாது. கடைசியில் ஒரு எடுத்துக்காட்டு. விவரணங்கள் உரையாடல் தோறும் மொடலுக்குப் போவதால் நீளத்துக்கு விலை உண்டு. தமிழ் எழுத்துகள் பெரும்பாலான மொடல்களில் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன்களாக, அதாவது மொடல் வாசகத்தைப் பிரித்து வாசிக்கும் துண்டுகளாக, உடைகின்றன. அதனால் விவரணத்தை ஆங்கிலத்திலும் எடுத்துக்காட்டுகளைத் தமிழிலும் வைத்தேன். மனிதருக்கான கையேடு முழுக்கத் தமிழ். தமிழ் எடுத்துக்காட்டை ஒருபோதும் விடக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ‘கொ’ சிக்கலும் பாமினிச் சிக்கலும் ஆங்கில எடுத்துக்காட்டில் தலைகாட்டவே மாட்டா.

சோதித்தது எளிய வழியில். முகவருக்குக் கருவிகளை மட்டும் கொடுத்து, வேறு எந்த விளக்கமும் சொல்லாமல், ஆசிரியர் வழக்கமாகக் கேட்கிற விதத்திலேயே வேலைகளைக் கொடுத்தோம். எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றினோம். பல வரிகளை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

மனிதருக்கான கையேட்டை ஆசிரியரே வாசித்துத் திருத்தினார். ஒரு இடத்தில் பேனையால் கோடு போட்டுவிட்டு, “தம்பி, பிழை வரலாம் எண்டு எழுதியிருக்கீங்க. எப்ப வரும், வந்தா நான் என்ன செய்யிற எண்டு எழுதுங்க” என்றார்.

“சரி சேர், அந்த இடத்த மாத்திறன்” என்றேன். கையேட்டில் ‘வரலாம்’, ‘கூடும்’ என்று முடிந்த வரிகளையெல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடி, நிகழும் சூழலையும் செய்ய வேண்டியதையும் எழுதினேன். எழுத முடியாதவற்றை நிரலாளரிடம் கொண்டுபோனேன். ஆசிரியர் கேட்ட அந்தக் கேள்வியை முகவருக்கான விவரணங்களிலும் கேட்டுப் பார்த்தோம், அங்கும் சில வரிகள் உதிர்ந்தன.

இன்னும் எழுதாதவை

பின்குறிப்புகள், அதாவது நூலின் இறுதியில் வருபவை, கோப்புக்குள் அடிக்குறிப்பைப் போலவே இரண்டு துண்டாக, ஆனால் வேறொரு எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கின்றன. அவற்றுக்கு இதே விவரணங்களைச் சிறு மாற்றத்தோடு எடுத்துவிடலாம். ஓரத்தில் இடுகிற கருத்துரைகள் அப்படியல்ல. ஒரு கருத்துரைக்கு உடற்பகுதியில் தொடக்கம், முடிவு என்று இரண்டு எல்லைகள் உண்டு, இவற்றோடு சுட்டியும் உண்டு. மூன்றும் சேர்ந்து நகர வேண்டும். ஆசிரியரும் மாணவர்களும் தங்களுக்குள் கேள்வி கேட்டுக்கொள்வது கருத்துரைகளில்தான் என்பதால் அந்த வசதி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நிரல் இன்னும் அங்கே போகவில்லை. அது வரும்வரை கருத்துரை பற்றி விவரணத்தில் ஒரு சொல்லும் வைக்கவில்லை. இல்லாத வசதியைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் முகவர் அதை அழைத்துப் பார்க்கும், கிடைக்காவிட்டால் அடிக்குறிப்புக் கருவியால் அந்த வேலையைச் செய்ய முயலும். இப்போதைக்கு, கருத்துரை உள்ள பந்தியில் குறிப்பைச் சேர்க்கும்படி கேட்டால், பந்தியில் கருத்துரை இருக்கிறது என்று கருவி முன்னரே அறிவிக்கிறது. மாணவர்கள் அதைத் தாங்களே வேர்டில் செய்துகொள்கிறார்கள்.